பிணவறை வாசலில்

2024ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளன்று மாலை. திருப்பலி முடித்து, கல்லறைகளை மந்திரித்து, தீர்த்தச் செம்பைக் கோவில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், கையிலிருந்த மெழுகுதிரி அணைந்துபோனதையும் அறியாமல், நம்மை எதிர்நோக்கி நின்றுகொண்டிருந்தார். கணவரை இழந்து பத்தாண்டுகள் ஆகின்றன. தையல் இயந்திரத்தை இரவு பகலாக மிதித்து ஒரே மகளை மருத்துவம் படிக்க வைத்தவர். அம்மகள் பட்டம் பெற்று, பயிற்சியையும் முடித்துவிட்ட செய்தியை நாமே ஞாயிறு பிரசங்கத்தின் முடிவில் மகிழ்வோடு அறிவித்திருந்தோம்.

"சாமி, நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்லணும். மேல்படிப்புக்குப் பிணம் அறுக்கிற படிப்பைத்தான் முதல்ல எழுதப்போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. குழந்தை வைத்தியம் இருக்கு, கண்ணு வைத்தியம் இருக்கு. இதை எடுத்தா நாளைக்கு யாரு சாமி பொண்ணு கேட்டு வருவாங்க?" என்று கண் கலங்கினார்.

நாமும் சற்றும் ஆராயாமல், "அழைத்து வாருங்கள் அம்மா, எடுத்துச் சொல்கிறோம்" என்று வாக்களித்துவிட்டோம். அன்றிரவு செபமாலையை எடுத்தபோது அந்த வாக்கு நம் நெஞ்சை உறுத்திற்று. பிரேதப் பரிசோதனை வேண்டாமென்று ஒருவர் நம்மிடம் வந்து மன்றாடுவதும், நாம் உடனே இணங்கிவிடுவதும் நம் வாழ்வில் அது முதல்முறையன்று. அந்தப் பழைய கதையைப் பின்னர் சொல்வோம்.

மேனாட்டுத் துப்பறியும் நாவல்களைப் படிப்போர் 'கரோனர்' என்னும் அலுவலரைப் பற்றி அறிந்திருப்பர். ஒருவர் திடீரென்றோ ஐயத்துக்கு இடமாகவோ இறந்தால், அவர் யார், எங்கே, எப்போது, எவ்வாறு இறந்தார் என்று விசாரித்து முடிவு கூறுபவர் அவர். இங்கிலாந்தில் 1194ஆம் ஆண்டிலேயே தோன்றிய பதவி இது. தொடக்கத்தில் அவர் தேடியது உண்மையை மட்டுமன்று, அரசனின் கருவூலத்துக்குச் சேரவேண்டிய பணத்தையுந்தான் என்பது வேறு செய்தி. ஆங்கிலேயர் அப்பதவியை நம் நாட்டுக்கும் கொணர்ந்தனர். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் கரோனர்கள் இருந்தனர். சென்னையில் அப்பதவி 1889இல் ஒழிந்தது. பம்பாயில் மட்டும் 1999 வரை நீடித்தது. கடல் கடந்த ஈழத்திலே இன்றும் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்றொருவர் உண்டு. உடலை ஆய்பவரைச் 'சட்ட வைத்திய அதிகாரி' என்பர். நல்ல தமிழ்ப் பெயர்கள்.

நம் தமிழகத்தில் அத்தகைய தனி அலுவலர் இல்லை. அவருடைய வேலை பல கைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. காவல் நிலையத்து உதவி ஆய்வாளர் இறப்பு நேர்ந்த இடத்துக்கு வந்து, ஊரில் மதிப்புள்ளோர் முன்னிலையில் உடலைப் பார்வையிட்டு, காயங்களையும் சூழ்நிலையையும் எழுதவேண்டும். சட்டம் கேட்பது இருவரையேனும். நம் பக்கத்து வழக்கம் ஐவர். அவர்களைப் பஞ்சாயத்தார் என்போம். மணமாகி ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்கு இடமாக இறந்தால் கோட்டாட்சியரே நேரில் விசாரிப்பார். காவலில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் விசாரிப்பவர் நீதித்துறை நடுவர். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, 176 ஆகிய பிரிவுகளில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 194, 196 என்னும் எண்களைப் பெற்றுள்ளன. எண் மாறிற்று, வேலை மாறவில்லை.

ஒருமுறை கிணற்றில் தவறி விழுந்து இறந்த முதியவர் ஒருவருக்காக நாமும் பஞ்சாயத்தாராய் அமர்ந்ததுண்டு. ஐவரில் நால்வர் படித்துப் பாராமலே கையொப்பமிட்டனர். ஐந்தாமவராகிய நாமோ மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோகவில்லை.

பெரிய வெள்ளியன்று ஆண்டுதோறும் பாடுகளின் வரலாற்றை வாசிக்கிறோம். அரிமத்தியா ஊர் யோசேப்பு, ஆண்டவரின் திருவுடலைக் கேட்டு பிலாத்திடம் சென்றபோது, அவன் உடனே கொடுத்துவிடவில்லை. இதற்குள்ளாகவா இறந்துவிட்டார் என்று வியந்து, நூற்றுவர் தலைவனை அழைத்து விசாரித்து, உறுதி செய்துகொண்ட பின்னரே உடலை ஒப்படைத்தான் என்று மாற்கு எழுதுகிறார். அநீதியாய்த் தீர்ப்பிட்டவன்கூட உடலை ஒப்படைக்குமுன் விசாரித்தான்! நாமோ விசாரிக்க வந்தவரையே திருப்பி அனுப்பிய காலம் உண்டு.

குறித்த நாளில் தாயும் மகளும் பங்கு இல்லத்துக்கு வந்தனர். மகள் நம்மிடம் முதற்பந்தி வாங்கிய பிள்ளை. நாம் ஆயத்தம் செய்து வைத்திருந்த அறிவுரையைத் தொடங்குமுன், "பாதர், நீங்க உள்ளே போய்ப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுடன் பிணவறையின் வெளியே வேப்பமரத்தடியில் மணிக்கணக்காய்க் காத்திருந்திருக்கிறோம். உள்ளே போனதில்லை. அதை ஒப்புக்கொண்டோம். அதன்பின் அவள் பேசினாள், நாம் கேட்டோம். அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

'அறுப்பது' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் வேலையில், கத்தியை எடுக்குமுன்னரே பாதி முடிந்துவிடுகிறதாம். உடலை அழைத்து வந்த காவலரிடம் இன்னார் உடல் இதுதானா என்று உறுதி செய்தல், உடையையும் அதிலுள்ள கறையையும் கிழிசலையும் குறித்தல், உயரம், நிறம், பழைய தழும்பு, நகத்தடியில் சிக்கிய மண் ஆகிய ஒவ்வொன்றையும் எழுதுதல். இறந்த சில மணி நேரத்துக்குள் தாடையில் தொடங்கி உடல் முழுவதும் பரவும் விறைப்பு எந்த அளவில் நிற்கிறதென்று பார்த்தால், இறந்த நேரத்தை ஒருவாறு மதிப்பிடலாம். நம் ஊர் வெயிலில் அவ்விறைப்பு விரைந்து வந்து விரைந்து அகலும். ஆதலால் குளிர்நாட்டுப் புத்தகக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. படுத்த நிலையில் இறந்தவரின் முதுகில் குருதி இறங்கித் தோல் கருஞ்சிவப்பாகும். அந்நிறம் முதுகில் இல்லாமல் மார்பில் இருந்தால், உடலைப் பின்னர் யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

அதன் பின்னரே உடலைத் திறப்பது. தலை, மார்பு, வயிறு மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். வயிற்றில் நஞ்சு இருந்ததென்று அத்துடன் நிறுத்திவிடக்கூடாது. தலையிலே அடியும் இருந்திருக்கலாம். "தலையைத் திறக்கும்போது ஒரு காதிலிருந்து மறு காதுவரை உச்சி வழியாகக் கீறுவோம் பாதர். தைத்த பிறகு தலைமுடி அதை மூடிவிடும். அம்மா முகத்தைப் பார்க்க வருவாங்க இல்லையா, அதுக்காக" என்று அவள் சொன்னபோது, அவளுடைய அம்மா முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். உறுப்புகளை எடைபார்த்து, பரிசோதித்து, மீண்டும் உள்ளே வைத்துத் தைத்து, கழுவித் துடைத்து வெள்ளைத் துணி சுற்றி வெளியே அனுப்புகிறார்கள். இதில் மருத்துவருடைய கையைவிட, பிணவறைப் பணியாளர் என்னும் எளிய மனிதருடைய கைகளே மிகுதியாய் உழைக்கின்றன. அவரோடு ஒரே திண்ணையில் அமர்ந்து தேநீர் குடிக்க நம் ஊரார் இன்றும் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். நம் பங்கு மக்களும் அதற்கு விலக்கல்லர்.

நஞ்சு என ஐயம் எழுந்தால் இரைப்பையும் அதிலுள்ளதும், சிறுகுடல், கல்லீரல், சிறுநீரகம் இவற்றின் துண்டுகளும், குருதியும் தனித்தனிப் போத்தல்களில் அடைத்து முத்திரையிடப்பட்டுத் தடயவியல் ஆய்வகத்துக்குச் செல்கின்றன. நம் பகுதிக்கு விழுப்புரத்தில் வட்டார ஆய்வகம் உண்டு. 1849ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் இதற்கென இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் ஏற்பட்டதென்றால், இக்கலை நம் மண்ணுக்குப் புதிதன்று. ஆய்வக அறிக்கை வரும்வரை மருத்துவர் 'கருத்து ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிவைப்பார். அது மழுப்பல் அன்று. தெரியாததைத் தெரிந்ததாக எழுதக்கூடாது என்னும் நேர்மை.

வேலை அத்துடன் முடிவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வரும். எந்த ஊருக்கு மாற்றலாகியிருந்தாலும் போய், கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, தாம் எழுதியதைத் தாமே விளக்கவேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்குக் கேள்வி கேட்பார். அங்கே மருத்துவர் எவர் பக்கமும் அல்லர். காயம் எதனால் ஏற்பட்டிருக்கலாம் என்பதைச் சொல்லலாமேயன்றி, யார் ஏற்படுத்தினார் என்பதைச் சொல்ல அவருக்கு உரிமையில்லை.

"இதற்கு மூன்றாண்டுப் படிப்பு. தனியாக மருத்துவமனை வைக்க முடியாது. அரசுப் பணி, அல்லது மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி. பெரிய பணம் வராது, அதை அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்" என்றாள். அப்படிப்புப் படித்தவர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலேயே இருப்பதால், வட்ட மருத்துவமனைகளில் காலையில் காய்ச்சலுக்கு மருந்தெழுதும் பொது மருத்துவரே பிற்பகலில் பிணவறைக்கும் போகிறார் என்பதையும் அவளிடமிருந்து அறிந்தோம்.

"ஏன் பிள்ளாய் இந்த விருப்பம்?" என்று கேட்டோம். "ஜூன் மாசத்துக்கு அப்புறம்தான் பாதர்" என்று மட்டும் சொன்னாள். கள்ளக்குறிச்சி மக்களுக்கு அதற்குமேல் சொல்லவேண்டியதில்லை.

2024 ஜூன் 18, 19 ஆகிய நாட்களில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் பாக்கெட்டில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள், வயிற்று வலியும் வாந்தியும் கண் மங்கலுமாய் விழத் தொடங்கினர். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சேலமும், விழுப்புரமும், புதுவை ஜிப்மரும் அவர்களால் நிரம்பின. இறந்தோர் 65க்கும் மேற்பட்டோர். ஜூன் 20ஆம் நாள் நாமும் அருகிலுள்ள பங்குக் குருக்கள் சிலரும் அங்குச் சென்றோம். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளின் முன்னே பந்தல். ஒரு வீட்டு ஒப்பாரி முடியுமுன் அடுத்த வீட்டில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மழைத் தூறலில் கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நேரத்தில் பல சிதைகளுக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தனர். நாம் ஆறுதல் சொல்லப் போனோம். சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை.

அந்நாட்களைப் பற்றி இன்றும் நம்மை வருத்துவது ஒன்று உண்டு. முதல் இறப்புகள் நேர்ந்தபோது, சாராயந்தான் காரணமென்று உறுதியாகவில்லை என்றும், வலிப்பு, வயிற்றுப்போக்கு போன்றவை காரணமாகலாம் என்றும் அதிகார மட்டத்தில் சொல்லப்பட்டது. இறந்தவர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்து மாண்டனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஓர் இறப்பின் காரணம் சில மணி நேரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் எத்தனை தாலிகள் தப்பியிருக்கும் என்று அப்பெண் கேட்டாள். அரசு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவராய் அவ்வாரம் முழுதும் நின்றவள் அவள்.

அது மெத்தனால் என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. அந்நஞ்சு குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதனைப் படிப்படியாய் மாற்றிப் பார்மிக் அமிலமாக்குகிறது. எறும்பின் கடியில் இருக்கும் அதே அமிலம். அது முதலில் பார்வை நரம்பைத் தாக்கும், பின்னர் உயிரை. ஆகவே பல மணி நேரம் நலமாய் இருப்பதுபோல் தோன்றி, மறுநாள் மாய்ந்துவிடுவர். தக்க நேரத்தில் வந்தால் முறிமருந்தும் உண்டு. குருதியைச் சுத்திகரிக்கவும் இயலும். காலம் கடந்தால் இல்லை. இதிலே ஒரு நுட்பத்தையும் அவள் விளக்கினாள். வேறு நஞ்சானால் உறுப்புகளைச் சாராயச் சத்தில் ஊறவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இங்கே அது கூடாது. கெட்டியான உப்புக் கரைசலில்தான் வைக்கவேண்டும். சாராயத்தால் இறந்தவரின் ஈரலைச் சாராயத்திலேயே ஊறவைத்தால், எது அவர் குடித்தது, எது நாம் ஊற்றியது என்று யார் சொல்வது?

அந்த வாரத்தில் எல்லாருடைய விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் காய்ச்சுவது நெடுங்காலத்துத் தீமை. அதனை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் மெத்தனால் மலை அடுப்பில் காய்ச்சி வருவதன்று. தொழிற்சாலைக்குரிய இரசாயனம், பீப்பாய்களில் சமவெளி வழியாய் வருவது. ஆய்வகத்தின் அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால் முழுப்பழியும் மலைமக்கள் தலையில் விழுந்திருக்கும். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிற்று. மலைமக்களின் வாழ்நிலையைப் பற்றியும் அந்நீதிமன்றம் ஜூலையில் தானே முன்வந்து வழக்கெடுத்தது. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்த மலை அது. சாலையும் மருத்துவமும் அங்கு மெல்லத்தான் ஏறுகின்றன.

அம்மலையை நாம் அறிவோம். நாம் சொல்வதாகக் கூறிய பழைய கதை அங்கேதான் நிகழ்ந்தது. அதுவரை நாம் எவரிடமும் அதை முழுமையாகச் சொன்னதில்லை. அன்று அவ்விருவரிடமும் சொன்னோம்.

2001ஆம் ஆண்டு. குருவாகி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. வெள்ளிமலைக்கு அப்பால் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் வரும் சிற்றூர், பெயர் வேண்டாம். நம் சபையைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். மணமாகி மூன்றாண்டுகூட ஆகாத இளம்பெண் ஒருத்தி இரவில் வயிற்று வலி என்று துடித்து, டோலி கட்டித் தூக்குமுன்னரே இறந்துவிட்டாள். உபதேசியாரும் அப்பெண்ணின் மாமனாரும் விடியற்காலையில் நம் கதவைத் தட்டினர். "சாமி, போலீசுக்குப் போனா கீழ கொண்டுபோய்க் கூறு போட்டுடுவாங்க. கண்டதை எழுதிடுவாங்க. மருந்து குடிச்சான்னு எழுதிட்டா நம்ம கல்லறையில இடம் கிடைக்காது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர்ல கேப்பாங்க" என்று காலில் விழுந்தனர்.

தற்கொலை செய்துகொண்டோர்க்குத் திருச்சபைக் கல்லறை இல்லையென்னும் விதி பழைய சட்டத்தொகுப்பில் இருந்தது மெய்யே. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் அவர்கள் இல்லை. மன வேதனை பொறுப்பைக் குறைக்கக்கூடும், அவர்கள் மீட்பைப்பற்றி நம்பிக்கையிழக்கலாகாது என்று மறைக்கல்வி போதிக்கிறது. சட்ட விசாரணைக்காகப் பிரேதப் பரிசோதனை செய்வதைத் திருச்சபை தடுப்பதில்லை என்றும் அதே மறைக்கல்வி தெளிவாய்க் கூறுகிறது. குருமடத்தில் ஏழாண்டுகள் இறையியலும் மெய்யியலும் பயின்று வந்த நாம் அவற்றையெல்லாம் அறிந்திருந்தோம். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழுகின்ற குடும்பத்துக்கு இரக்கம் காட்டுவதாய் எண்ணிக்கொண்டு, ஊர்ப் பெரியவரிடம், "வயிற்று வலிதான், அடக்கம் செய்யலாம்" என்று நாமே சொன்னோம். நாம் மருத்துவரா? அவளை உயிரோடு கண்டவரா? வெண்ணங்கி ஒன்றே நம் சான்றிதழ். நண்பகலுக்குள் குழி மூடிவிட்டது.

பெண்ணின் தாய் மலையின் மறுசரிவில் இருந்தார். செய்தி எட்டி, நடந்து வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள். முகத்தைக்கூடப் பார்க்காத தாய். "எம்மவ எதுல செத்தா சாமி?" என்று கேட்டார். வயிற்று வலி என்றோம். "அவளுக்கு வயித்து வலியே வந்ததில்லையே" என்றார். பின்னர் யாரோ எழுதித் தர, கோட்டாட்சியருக்கு மனு போயிற்று.

பதினாறாம் நாள் காலை, அதிகாரிகளும் காவலரும் அரசு மருத்துவர் ஒருவரும் மலையேறி வந்தனர். நாம் அங்கு நின்றோம், நிற்க வேண்டியிருந்தது. சுற்றிலும் துணி கட்டிக் குழியைத் தோண்டினர். உடலுக்கு மேலிருந்தும், கீழிருந்தும், பக்கத்திலிருந்தும் மண்ணைத் தனித்தனியே எடுத்துப் போத்தலில் அடைத்தார் மருத்துவர். மண்ணிலுள்ள நஞ்சு உடலுக்குள் இறங்கியதா, உடலில் முன்பே இருந்ததா என்று பிரித்தறிய அது தேவையாம். அடையாளம் காட்டத் தாயை அழைத்தனர். அவர் புடவையைப் பார்த்தார். திருமணத்துக்குத் தாம் எடுத்துக் கொடுத்தது என்றார். அதற்குமேல் எழுத நமக்கு மனமில்லை.

நம் பகுதியில் ஒரு தழை உண்டு. பெயரை இங்கு எழுதமாட்டோம், ஊரார் அறிவர். அது உள்ளே சென்றால் உடலிலுள்ள பொட்டாசிய உப்பு குறைந்துபோய், நன்றாய்ப் பேசிக்கொண்டிருப்பவரின் இதயம் நின்றுவிடும். முறிமருந்து இல்லை. அப்பெண் அத்தழையை அரைத்துக் குடித்தாள் என்று சிலரும், குடிக்கவைத்தார்கள் என்று சிலரும் பேசினர். கருவுற்றிருந்தாள், குழாயிலே கரு தங்கி வெடித்திருக்கும் என்று மருத்துவ அறிவுள்ள அருட்சகோதரி ஒருவர் ஐயுற்றார். அதுவும் வயிற்று வலியாகத்தான் தொடங்குமாம். முதல் நாளே பரிசோதித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். பதினாறு நாள் மண்ணுக்குள் கிடந்த உடல் அதனைச் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது: நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை, உடல் சிதைந்திருந்தமையால் இறப்பின் காரணத்தைத் திட்டமாகக் கூற இயலவில்லை.

அந்தக் கணவனையும் நினைத்துப் பார்க்கிறோம். குற்றமற்றவனாய் இருந்திருந்தால், அதை நிறுவுவதற்கிருந்த ஒரே வழியையும் அடைத்தவர்கள் அவனுடைய தந்தையும் நாமுந்தான். ஊர் அவனை நம்பவுமில்லை, தண்டிக்கவுமில்லை. கூலி வேலைக்குக் கேரளம் போனவன் திரும்பி வரவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது பங்கு இல்லத்துச் சுவர்க்கடிகாரத்தின் ஓசை மட்டும் கேட்டது. மகள் ஒன்றும் பேசவில்லை. எதைச் சொன்னாலும் அது தன் கட்சிக்கு வலுவாகிவிடும் என்று எண்ணினாள் போலும், நல்ல பிள்ளை. அம்மாதான் கேட்டார்.

"அந்தப் பொண்ணோட அம்மா அப்புறம் வந்தாங்களா சாமி?"

வந்தார் என்றோம். நாம் மலையில் இருந்த மூன்று ஆண்டுகளும், கல்லறைத் திருநாளன்று, மறுசரிவிலிருந்து நடந்தே வந்தார். மகள் கல்லறையை மந்திரிக்கச் சொல்லுவார். முடிந்ததும் அதே கேள்வியைக் கேட்பார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலைம்மா என்று சொன்னோம். மூன்று முறையும்."

அந்தத் தாய் சற்று நேரம் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்கள். பின்னர் எழுந்து, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "நேரமாச்சு, கடைசி பஸ் போயிடும், வா" என்றார் மகளிடம். படியிறங்கும்போது அவர் சொன்னது நம் காதில் விழுந்தது: "நீ தைக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவை காட்டு. உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தையல் நேரா வராது."

அவள் இப்போது அப்படிப்பைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.